கையோடு வந்த கொத்து: லிரியோப் செடி பற்றி உதகை வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: கணவருக்கு மாற்றலாகி மதுரையிலிருந்து உதகைக்கு வந்து இரண்டாவது வருடம் ஓடுகிறது. மே மாதம் மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒரு நர்சரியில், கரும்பச்சை இலையின் ஓரத்தில் மஞ்சள் கரை போட்ட, புல் போன்ற செடி ஒன்று வாங்கினேன். லிரியோப் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அழகான பீங்கான் தொட்டிக்கு மாற்றி, ஹாலில் டிவி பக்கத்தில் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீர். ஆடியிலிருந்து இலை நுனி பழுப்பாகக் காய்கிறது, அடியிலைகள் மஞ்சளாகின்றன. போன வாரம் ஒரு கொத்தைப் பிடித்து லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. சத்துக் குறைவாக இருக்கும் என்று உரக்கடையில் சொன்னதால் ஒரு ஸ்பூன் டி.ஏ.பி. போட்டேன், அதன் பிறகு நுனி இன்னும் கருகுகிறது. பக்கத்து வீட்டு அக்கா, எல்லா இலையையும் ஒட்ட வெட்டிவிடு, தானாகத் துளிர்க்கும் என்கிறார். இது வீட்டுக்குள் வளர்கிற செடிதானா? பனிக்காலத்தில் வெளியே வைக்கலாமா? ஏன் பூக்கவில்லை? காப்பாற்ற முடியுமா?
– வாசகி, உதகை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

காப்பாற்ற முடியும். ஆனால் இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் இன்றைக்கே ஒரு வேலை செய்ய வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நுனிக் கருகலோ மஞ்சள் இலையோ இல்லை. லேசாக இழுத்ததும் கொத்து கையோடு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான். நல்ல லிரியோப் அப்படி வராது. தொட்டியையே தூக்கிக்கொண்டு வருமே தவிர, இலை கழன்று வராது. கையோடு வந்தால், இலைகள் எல்லாம் சேருகிற கழுத்தும் அதற்குக் கீழே உள்ள வேரும் அழுகத் தொடங்கிவிட்டன என்று பொருள். நுனி கருகுவது அதன் விளைவு. வேர் தண்ணீர் எடுக்க முடியாமல் போனதும் முதலில் காய்வது வேருக்கு வெகு தூரத்தில் இருக்கிற இலை நுனி. ஈரத்திலேயே நின்றுகொண்டு செடி தாகத்தில் காய்கிறது. அதைப் பார்த்து இன்னும் ஒரு டம்ளர் ஊற்றத் தோன்றுவது இயல்பு. அதுதான் ஆபத்தும்.

ஏன் இப்படி ஆனது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது புரிந்தால் லிரியோப் மட்டுமில்லை, மலையில் நீங்கள் வளர்க்கப்போகிற எல்லாத் தொட்டிச் செடிக்கும் உதவும். தொட்டியில் ஊற்றிய தண்ணீர் மூன்று வழியில் வெளியேறுகிறது. செடி குடிக்கிறது, காற்று உறிஞ்சுகிறது, மிச்சம் அடி ஓட்டை வழியாக வடிகிறது. மதுரையில் முதல் இரண்டும் அசுர வேகத்தில் நடக்கும். சித்திரை வெயிலில் மல்லிகைத் தொட்டிக்குக் காலையில் ஊற்றினால் மாலையில் மண் வெடித்துக் கிடக்கும். அங்கே தினம் ஊற்றுவது பராமரிப்பு. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆடி மாதத்தில் பகலில்கூட 18 டிகிரியைத் தாண்டாத நாட்கள் பல. காற்றே ஈரமாக இருக்கிறது, அது தொட்டியிலிருந்து எதை உறிஞ்சும்? மேகமும் மூடுபனியும் வெளிச்சத்தை மறைப்பதால் செடியின் வேலையும் பாதியாகிவிடுகிறது, அதனால் அது குடிப்பதும் குறைவு. மூன்றாவது வழியை உங்கள் பீங்கான் தொட்டி அடைத்துவிட்டது. அழகுத் தொட்டிகள் பலவற்றுக்கு அடியில் ஓட்டை இருப்பதில்லை. உங்களுடையதைத் திருப்பிப் பாருங்கள். தினம் ஒரு டம்ளர், வெளியேற வழியில்லாமல், மூன்று நான்கு மாதம்.

வேருக்கும் மூச்சு வேண்டும். மண்துகள்களுக்கு நடுவில் இருக்கிற காற்றுதான் அதற்கு மூச்சு. அந்த இடமெல்லாம் தண்ணீர் நின்றால் வேர் திணறிச் செத்துப்போகும். செத்த வேரைத் தின்ன பித்தியம், பைட்டோப்தோரா என்ற நுண்கிருமிகள் வரும். இவற்றின் வித்துகள் தண்ணீரில் நீந்திப் பரவக்கூடியவை. மண் ஈரம் வடியாமல் இருக்கிற வரை அவற்றுக்குக் கொண்டாட்டம். லிரியோப்புக்கு வருகிற கழுத்தழுகல் பெரும்பாலும் இவற்றின் வேலை.

உதகையில் எப்போது தண்ணீர் ஊற்றுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் அளவுகோல் ஒன்று உண்டு: கொடியில் போட்ட துணி காயாத வாரத்தில் தொட்டியும் காயாது.

லிரியோப்பின் இயல்பைப் பார்த்தால் தினசரித் தண்ணீர் அதற்கு எவ்வளவு பொருந்தாதது என்று தெரியும். அதன் சொந்த ஊர் சீனா, ஜப்பான், கொரியா. மரநிழலில், சரிவான நிலத்தில், இலை மக்கிய மண்ணில் வளர்வது. மழை நிறையப் பெய்யும், ஆனால் நிற்காமல் ஓடிவிடும். மழை இல்லாத நாட்களுக்காக வேரில் அங்கங்கே சிறு கிழங்குகளைக் கட்டிச் சேமித்து வைத்துக்கொள்ளும். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் விற்கிற தண்ணீர்விட்டான் கிழங்கும் இந்த லிரியோப்பும் இன்றைய தாவரவியல் வகைப்பாட்டில் ஒரே குடும்பம். சீன மருத்துவத்தில் லிரியோப்பின் நெருங்கிய உறவான ஒபியோபோகனின் வேர்க்கிழங்கை உலர்த்தி விற்கிறார்கள். அந்த ஒபியோபோகனில் ஒரு இனம் நம் நீலகிரி, பழனி மலைச் சோலைகளிலேயே இயற்கையாக வளர்கிறது. சோலைக்குள் நடக்க அனுமதி கிடைக்கிறபோது, மரத்தடிச் சரிவில் புல் கொத்தாக, மெல்லிய கரும்பச்சை இலையோடு நிற்பதைக் கவனித்துப் பாருங்கள். நிழல், குளிர், சருகு, சரிவு: அதற்கு வேண்டியதெல்லாம் அங்கே கண்முன் இருக்கும். பார்க்கச் சொன்னேன் என்பதால் ஒரு கைப்பிடிகூடத் தோண்டி எடுத்துவர வேண்டாம். சோலை மண்ணும் சருகும் செடியும் அங்கேயே இருக்க வேண்டியவை. தொட்டிக்கு இலைமக்கு தேவை என்றால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

இனி இன்றைய வேலை. பழைய செய்தித்தாளை விரித்து, தொட்டியைச் சாய்த்து, செடியை மண்ணோடு வெளியே எடுங்கள். இலையைப் பிடித்து இழுக்காதீர்கள், தொட்டியின் பக்கங்களைத் தட்டி வழுக்கி வரச் செய்யுங்கள். மண்ணை உதிர்த்து, வேரை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். டி.ஏ.பி.யின் மிச்சமும் இதோடு போய்விடும். இப்போது வேரைப் பாருங்கள். உயிருள்ள வேர் வெளிறிய நிறத்தில், இழுத்தால் விறைப்பாக இருக்கும். அங்கங்கே கடலைப் பருப்பு அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ கிழங்கு தெரியலாம். அதைக் கட்டி, நோய் என்று நினைத்து வெட்டிவிட வேண்டாம். அழுகிய வேர் கரும்பழுப்பாக, வழவழப்பாக இருக்கும். இரண்டு விரலால் உருவினால் மேல்தோல் கழன்று வந்து உள்ளே நூல் மட்டும் நிற்கும். நாற்றமும் இருக்கும்.

கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, அழுகியதை எல்லாம் நல்ல வேர் தெரிகிற வரை வெட்டுங்கள். இரக்கம் பார்க்க வேண்டாம். கழுத்து கொழகொழவென்று ஆகிவிட்ட கொத்துகளை முழுதாகவே எறிந்துவிடலாம். கழுத்து கெட்டியாக இருந்து, நான்கைந்து நல்ல வேர் இருந்தாலே அந்தக் கொத்து பிழைக்கும். வெட்டிய பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில் சில மணி நேரம் கிடக்கட்டும். வெட்டு வாய் கொஞ்சம் உலர்ந்தால்தான் அடுத்த அழுகல் நுழையாது. கிழங்கில் ஈரம் சேமித்து வைத்திருக்கிற செடி இது, சில மணி நேரத்தில் வாடிவிடாது.

மண் கலவையில் மலைக்காரர்கள் தனியாக யோசிக்க வேண்டும். நம் செம்மண்ணில் களி அதிகம், புளிப்பும் அதிகம். வெறும் செம்மண்ணைத் தொட்டியில் அடைத்தால் ஒரு மழைக்காலத்தில் செங்கல்லாகிவிடும். அதற்கு மாற்றாக யூடியூபில் பார்த்துவிட்டு தென்னை நார்க்கழிவை நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். சமவெளியில் அது வரப்பிரசாதம், ஏனென்றால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். உதகையில் ஈரத்தைப் பிடித்து வைக்க நமக்கு உதவி தேவையில்லை. நர்சரியிலிருந்து வந்த செடியின் வேரைச் சுற்றி நார்க்கழிவு உருண்டையாக ஒட்டியிருந்தால் அதையும் அலசி எடுத்துவிடுங்கள். எல்லா மண்ணும் மேலே காய்ந்து தெரியும்போது அந்த உருண்டை மட்டும் நடுவில் ஊறிக்கொண்டே இருக்கும்.

நான் சொல்லும் கலவை இது: தோட்டமண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலை உரமோ தொழு உரமோ ஒரு பங்கு, பெருமணல் அல்லது பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்துகள் ஒரு பங்கு. எம்-சாண்ட் என்றால் சலித்து, தூளை நீக்கிவிட்டுப் பருமணலை மட்டும் எடுங்கள். தூள் இருந்தால் சிமென்ட் போல இறுகும். உடைத்த செங்கல் சில்லு ஒரு கைப்பிடி சேர்த்தாலும் நல்லது. இலை உரத்துக்குக் கற்பூர மரத்துச் (யூகலிப்டஸ்) சருகைத் தவிர்த்துவிடுங்கள், மற்றச் செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கிற பொருட்கள் அதில் உண்டு. தேயிலைத் தோட்டங்களில் மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடுவார்களே, டோலமைட், அது கிடைத்தால் ஒரு தொட்டிக்கு ஒரு டீஸ்பூன் போதும். லிரியோப் லேசான புளிப்பு மண்ணில் நன்றாக இருக்கும், கடும் புளிப்பு வேண்டாம். அடுப்புச் சாம்பலைத் தொட்டியில் கொட்டும் பழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு. வேரில் புண்ணோடு இருக்கிற செடிக்கு அது எரிச்சல்தான்.

மண் கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி கிடைத்தால் இரண்டு ஸ்பூன் கலந்துகொள்ளுங்கள். இது கெட்ட பூஞ்சைகளை அடக்குகிற நல்ல பூஞ்சை; வேளாண் இடுபொருள் விற்கிற இடங்களில் கிடைக்கும். வேரில் பாதிக்கு மேல் அழுகியிருந்தால் மட்டும் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து ஒருமுறை வேர்ப்பகுதியில் ஊற்றலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள், தாமிரம் நல்ல பூஞ்சையையும் கொன்றுவிடும். உங்கள் செடி மே மாதம் வாங்கியது, பாதி வேராவது மிஞ்சியிருக்கும். அப்படியானால் மருந்தே வேண்டாம். வடிகால்தான் மருந்து.

தொட்டி மண் தொட்டியாக இருக்கட்டும், அடியில் ஓட்டை கட்டாயம். மிஞ்சிய வேரைச் சுற்றி இரண்டு விரல் இடம் இருக்கிற அளவுக்குச் சின்னத் தொட்டி போதும். பெரிய தொட்டியில் வைத்தால் நன்றாக வளரும் என்று தோன்றும். வேர் எட்டாத மண்ணில் தண்ணீரைக் குடிக்க ஆளில்லாமல் மறுபடியும் அதே கதைதான் நடக்கும். நடும்போது கழுத்து மண் மட்டத்தில் இருக்க வேண்டும், புதையக் கூடாது. உங்கள் பீங்கான் தொட்டியை வீணாக்க வேண்டாம். அதன் அடியில் இரண்டு அங்குலம் கூழாங்கல் போட்டு, அதன் மேல் மண் தொட்டியை இறக்கி வையுங்கள். தண்ணீர் ஊற்றும்போது மண் தொட்டியை வெளியே எடுத்து ஊற்றி, முழுக்க வடிந்த பிறகு உள்ளே வைக்க வேண்டும்.

நட்டவுடன் ஒருமுறை அடியில் வடிகிற அளவுக்கு ஊற்றுங்கள். அதன் பிறகு டம்ளர் கணக்கையும் நாள் கணக்கையும் மறந்துவிடுங்கள். தொட்டியைக் கையில் தூக்கிப் பார்ப்பதுதான் சரியான வழி. ஊற்றிய அன்று எவ்வளவு கனம், காய்ந்த பிறகு எவ்வளவு கனம் என்று இரண்டு மூன்று தடவை தூக்கிப் பார்த்தால் கை தானாகக் கற்றுக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் இன்றைக்கு வேண்டாம். மேல் மண் காய்ந்திருப்பதை மட்டும் நம்பக் கூடாது. ஹீட்டர் போட்ட அறையில் மேல் மண் சீக்கிரம் காயும், அடியில் சேறாக இருக்கும். பங்குனி, சித்திரையில் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை தேவைப்படலாம். அடைமழையில் பத்து நாள்கூடத் தாங்கும். மார்கழி, தை மாதங்களில் குழாய்த் தண்ணீர் ஐஸ் போல வருமே, அதை நேராக ஊற்றாமல் முதல்நாள் இரவே ஒரு குடத்தில் பிடித்து அறைக்குள் வைத்து, மறுநாள் ஊற்றுங்கள். குளோரின் வாடையும் குறையும். இலைக்கு நடுவில், கழுத்தில் தண்ணீர் தேங்காமல், தொட்டி ஓரமாக ஊற்றுங்கள்.

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் வாசகர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. உதகையின் மேற்குப் பக்கத்துக்கும் கூடலூருக்கும் பெருமழை தென்மேற்குப் பருவத்தில், ஆனி ஆடியில். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அது வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் கொட்டும். கொடைக்கானலுக்கும் ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிது. ஆகவே இந்தச் சகோதரிக்கு ஆடியில் வந்த தொல்லை உங்களுக்கு இனிமேல்தான் வரும். தீபாவளிக்கு முன்னாலேயே தொட்டி ஓட்டை அடைபட்டிருக்கிறதா என்று ஒரு குச்சியால் குத்திப் பார்த்துவிடுங்கள்.

டி.ஏ.பி. விஷயம். அதில் 18 சதம் தழைச்சத்து, 46 சதம் மணிச்சத்து. வயலுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் போடுவது. ஓட்டையில்லாத தொட்டியில், உறிஞ்ச வேரில்லாத செடிக்கு ஒரு ஸ்பூன் என்பது உப்பைக் கரைத்து ஊற்றியதற்குச் சமம். மண்ணில் உப்பு கூடினால் வேரிலிருந்து தண்ணீர் வெளியே இழுக்கப்படும். அதனால்தான் உரம் போட்ட பிறகு நுனி அதிகமாகக் கருகியது. மண் மேலோ தொட்டி விளிம்பிலோ வெள்ளையாகப் படிவு இருந்திருக்கும், கவனித்திருப்பீர்கள். கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, மஞ்சள் இலை என்றால் சத்துக் குறைவு என்பது அவர் நாளெல்லாம் கேட்கிற கேள்விக்கான பதில். நோயாளிச் செடிக்கு உரம் கூடாது என்ற விதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி வரை எதுவும் வேண்டாம். பிறகு 19:19:19 என்று நீரில் கரைகிற உரம் விற்கிறார்கள், லிட்டருக்கு ஒரு கிராம், மாதம் ஒருமுறை, ஆவணி வரை. லிரியோப் அதிகம் சாப்பிடாத செடி. தொழு உரத்தோடு நிறுத்திக்கொண்டாலும் குறை சொல்லாது.

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன முறை உண்மையான முறைதான், மாதம்தான் பொருந்தவில்லை. தோட்டத்தில் வரப்பு ஓரமாக வைத்த லிரியோப்பைக் குளிர்காலக் கடைசியில், புது முளை கிளம்புவதற்கு முன் ஒட்ட வெட்டுவது வழக்கம். பழைய கிழிந்த இலை போய் புது இலை சுத்தமாக வரும். நம் மலையில் அது மாசி மாதம். முளை கிளம்பிய பிறகு வெட்டினால் புது இலையின் நுனியும் வெட்டுப்பட்டு, அந்த வருடம் முழுக்க மொட்டையாகத் தெரியும். ஆனால் இப்போது உங்கள் செடிக்குப் புது வேர் விட வேண்டிய நேரம். அந்த வேருக்கான சாப்பாட்டைச் செய்வது இலைதான். பச்சை இருக்கிற ஒவ்வொரு இலையும் வேண்டும். முழுக்க மஞ்சளானதை மட்டும் அடியோடு எடுங்கள். கருகிய நுனி கண்ணை உறுத்தினால் இலையின் வடிவத்துக்கேற்பச் சாய்வாக நறுக்குங்கள், பழுப்பில் ஒரு நூலளவு விட்டு நறுக்கினால் பச்சையில் புதுப் புண் ஏற்படாது. அடுத்த மாசியிலும்கூட, செடி நன்றாகத் தேறியிருந்தால் மட்டும் அக்கா சொன்னதைச் செய்யலாம்.

வீட்டுக்குள் வளர்கிற செடியா என்று கேட்டிருந்தீர்கள். மனதில் பட்டதைச் சொல்கிறேன். சென்னையில் ஒரு அடுக்குமாடி வீட்டிலிருந்து இதே கேள்வி வந்திருந்தால், வேறு செடி வாங்குங்கள் என்று எழுதியிருப்பேன். இரவிலும் புழுக்கமான அறையில் லிரியோப் மனமில்லாமல் நாளைக் கடத்தும். உதகை வீடு அப்படியில்லை. சூடேற்றாத, குளிர்ந்த, வெளிச்சமான அறை அதற்கு மிகவும் பிடித்த இடம். அந்த வகையில் நீங்கள் சரியான ஊரில் சரியான செடியை வாங்கியிருக்கிறீர்கள். வைத்த மூலைதான் சரியில்லை. டிவிக்குப் பக்கத்துச் சுவர் நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிந்தாலும் செடிக்கு இருட்டு. மஞ்சள் கரை போட்ட வகைக்கு வெளிச்சம் இன்னும் அதிகம் வேண்டும், இலையில் பச்சை குறைவாக இருக்கிற அளவுக்கு அதன் சமையல் திறனும் குறைவு. இருட்டில் வைத்தால் புது இலைகளில் மஞ்சள் மங்கி வெறும் பச்சையாக வரும், இலை நீண்டு தொங்கும்.

கிழக்கு ஜன்னலிலிருந்து கை எட்டும் தூரத்தில் வையுங்கள். பழைய மலைவீடுகளில் கண்ணாடி அடைத்த முன் வராந்தா இருக்குமே, உங்கள் வீட்டில் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. உச்சி வெயில் நேராக விழக் கூடாது. மலை வெயில் குளிராகத் தெரிந்தாலும் இலையைச் சுடும். கணப்பு, ரூம் ஹீட்டர் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். அந்த உலர்ந்த சூட்டில் இலை நுனி காய்வதோடு, தேயிலைக்காரர்கள் நன்றாக அறிந்த செஞ்சிலந்தி வந்துவிடும். இலையின் பின்பக்கம் மணல் தூவியது போல நுண்ணிய புள்ளியும் மெல்லிய நூலும் தெரிந்தால் அதுதான். ஈரத் துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்தால் ஆரம்பத்திலேயே ஒழிக்கலாம். வெளியே வைக்கிற நாட்களில் நத்தையைப் பாருங்கள், தொட்டி அடியில் ஒளிந்துகொண்டு ராத்திரியில் புது இலையை அரிக்கும்.

பூவைப் பொறுத்தவரை அவசரப்பட வேண்டாம். லிரியோப் கோடை முடிந்து, ஆவணி புரட்டாசி வாக்கில், இலைகளுக்கு நடுவில் நிமிர்ந்த கதிராக ஊதாப் பூக்களை விடும். பூவுக்குப் பிறகு கறுப்பு மணிகள் கோத்தது போலக் காய் பிடிக்கும். அதற்கு வெளிச்சமும் வேண்டும், தூர் கட்டிய வயதும் வேண்டும். வாங்கின வருடமே தொட்டி மாற்றி, இருட்டில் வைத்து, வேரும் அழுகிய செடி பூக்காததில் ஆச்சரியமில்லை. அடுத்த வருடமும் பூக்காமல் போகலாம். அறைக்குள் இருக்கிற லிரியோப் தோட்டத்தில் இருப்பதைப் போல் வருடா வருடம் கதிர் நிறைய விடுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இலைக்காக வளர்த்தால் ஏமாற்றம் இருக்காது. காய் பிடித்தால் சின்னக் குழந்தையும் பூனையும் எட்டாத இடத்தில் வையுங்கள், தின்றால் வயிற்றைக் கலக்கும்.

பூக்கிறபோது ஒன்றைக் கவனியுங்கள். கதிர் நிமிர்ந்து, காய் கறுப்பாக இருந்தால் லிரியோப். பூ தலை கவிழ்ந்து, காய் நீலமாக இருந்தால் அது ஒபியோபோகன். நர்சரிகளில் இரண்டும் ஒரே பெயரில் கலந்து விற்கும். பராமரிப்பில் பெரிய வித்தியாசமில்லை, கவலைப்பட வேண்டாம். ஆனால் நீளமான காம்பு விட்டு அதன் நுனியில் குட்டிச் செடிகள் தொங்கினால், உங்களிடம் இருப்பது ஸ்பைடர் பிளான்ட். அதன் இலை மென்மையாக இருக்கும், மடித்தால் ஒடியும்; லிரியோப் இலை தோல் போல இழுவையாக இருக்கும். ஸ்பைடர் பிளான்ட்டுக்கு உறைபனி ஆகாது என்பதால் இந்த வித்தியாசம் முக்கியம்.

உறைபனிக்கு வருவோம். கொத்தாக வளர்கிற லிரியோப் வகை உறைநிலைக்கு மிகவும் கீழே போகிற குளிரையும் தாங்கும். பனி மூடிக் கிடக்கிற நாடுகளிலும் தோட்டத்தில் வைத்திருக்கிறார்கள். உதகை உறைபனி அதைக் கொல்லாது. ஆனால் அங்கே வேர் பூமிக்குள் பாதுகாப்பாக இருக்கிறது. தொட்டியில் நான்கு பக்கமும் குளிர் வேரைத் தொடும். அதிலும் உங்கள் செடி இப்போது பலவீனம். இந்தக் குளிர்காலம் மட்டும் உள்ளேயே, ஹீட்டர் இல்லாத அறையில், கண்ணாடியில் இலை ஒட்டாமல் வைத்திருங்கள். அடுத்த வருடத்திலிருந்து கூரை உள்ள போர்டிகோவில் வருடம் முழுக்க இருக்கலாம். வீடு பள்ளத்தில் இருந்தால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும் காலையில், மேட்டில் இருக்கிற வீட்டு முற்றத்தில் ஒன்றும் இருக்காது. தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் அலங்காரச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் பழைய வேட்டியோ சாக்கோ போதும். மாலையில் மூடி, காலையில் எடுத்துவிட வேண்டும். இலை உறைந்துபோயிருந்தால் வெந்நீர் ஊற்ற வேண்டாம், உடனே வெயிலிலும் வைக்க வேண்டாம். நிழலில் மெல்ல இளகட்டும். உறைந்த இலையில் காலை வெயில் சுள்ளென்று படும்போதுதான் அதிகமாகக் கருகும்.

பின்னாளில் செடி தேறித் தூர் பெருத்தால், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாசி கடைசியில் பிரித்து நடலாம். கத்தியால் ஒவ்வொரு துண்டிலும் வேரும் முளையும் இருக்கும்படி வெட்டினால் போதும். மிஞ்சியதை வேண்டியவர்களுக்குத் தொட்டியில் கொடுங்கள். வேலிக்கு வெளியேயோ ஓடைக்கரையிலோ மட்டும் வீசாதீர்கள். லிரியோப்பில் நிலத்தடித் தண்டு ஓட்டிப் பரவுகிற இன்னொரு இனம் இருக்கிறது, நர்சரியில் இரண்டும் கலந்து வர வாய்ப்புண்டு. வெளியிலிருந்து கொண்டுவந்த வாட்டில் மரமும் ஸ்காட்ச் புரூம் புதரும் உண்ணிச்செடியும் இந்த மலைப் புல்வெளிகளையும் சோலை ஓரங்களையும் எவ்வளவு விழுங்கிவிட்டன என்பதை உங்கள் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். அந்த வரிசையில் இன்னொன்று சேர நம் வீட்டுத் தொட்டி காரணமாகக் கூடாது.

தொட்டி மாற்றிய பிறகு ஆறு வாரம், இரண்டு மாதம் வரை செடியில் எந்த மாற்றமும் தெரியாது. இன்னும் இரண்டு மூன்று இலை மஞ்சளாகவும் செய்யும், வெட்டிய வேருக்கு ஏற்ப இலையைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த நாட்களில்தான் கை டம்ளரைத் தேடும், தேட விடாதீர்கள். கார்த்திகை வாக்கில் ஒரு கொத்தைப் பிடித்து மிக லேசாக அசைத்துப் பாருங்கள். மண்ணோடு பிடிப்பு இருந்தால் புது வேர் விட்டுவிட்டது. பிடிப்பே இல்லாமல் ஆடினால் மறுபடியும் வெளியே எடுத்து வேரைப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று ஒரு படத்தோடு எனக்கு எழுதுங்கள்.